வளையல் வரிக் கமிட்டி

1933-ஆம் வருஷம் தை மாதக் கடைசியில், ஜப்பானால் இந்தியாவுக்கு நேரவிருந்த பெரிய ஆபத்து ஒன்று ஹாஜிரா பீயின் கூடையில் இருப்பதாகக் கண்டுபிடிக்கப்பட்டது. கண்டுபிடித்தவர் மயிலாப்பூர் வடக்கு மாடவீதியில் குடியிருந்த சுப்பராமன். அவர் அப்போது குளித்துவிட்டு ஈர வேஷ்டியோடு தம் வீட்டு ரேழியைக் கடந்துகொண்டிருந்தார்.

ரேழியில் ஹாஜிரா பீ உட்கார்ந்திருந்தாள். நாற்பத்தைந்து வயது, மீர்சாகிப்பேட்டையில் வீடு. புருஷன் போன நாளிலிருந்து, அதாவது பதினெட்டு வருஷமாக, மயிலாப்பூர், மந்தைவெளி, மாம்பலம் என்று வளையல் கூடையைச் சுமந்து நடக்கிறவள். மாடவீதிகளில் அவளுக்குத் தெரியாத கை கிடையாது. ஒருதரம் பிடித்துப் பார்த்தால் போதும், அளவு சொல்லிவிடுவாள். இறுக்கமான வளையலைக்கூடப் பேச்சுக் கொடுத்துக்கொண்டே ஏற்றிவிடுவாள். கைக்குச் சொந்தக்காரி 'ஆ' என்று வாயைத் திறப்பதற்குள் வளையல் மணிக்கட்டில் போய் உட்கார்ந்திருக்கும். அன்றைக்கு அவள் பிடித்துக்கொண்டிருந்தது சுப்பராமனின் மகள் சூடாமணியின் கையை. சூடாமணிக்குப் பங்குனியில் வளைகாப்பு.

"கை இப்பவே பூரிச்சுகினு வருதும்மா," என்றாள் ஹாஜிரா பீ. "ரெண்டேகால் பத்தாது. ரெண்டரை போட்டாத்தான் பிரசவம் வரைக்கும் நோவாது. மயில்கழுத்துப் பச்சை, இத்தப் பாருங்க, எப்பிடிக் கீது!"

சுப்பராமனின் மனைவி காமாக்ஷி வளையலை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தாள். "அழகாத்தான் இருக்கு. எந்த ஊர் சரக்கு?"

"ஜப்பான்மா."

சுப்பராமன் சட்டென்று நின்றார்.

அவர் நின்றதற்குக் காரணம் உண்டு. வளையல் வரிக் கமிட்டி என்று ஒன்றை சர்க்கார் அப்போது நியமித்திருந்தது. ஜப்பானிலிருந்து கப்பல் கப்பலாக வந்து இறங்கும் கண்ணாடி வளையலுக்கு எவ்வளவு வரி போடலாம் என்று விசாரிப்பது அதன் வேலை. சுப்பராமன் அதன் காரியதரிசி. கமிட்டி கூடி மூன்று வாரம் ஆகியிருந்தது. வளையலைப் பற்றி நூற்றுப்பத்துப் பக்கம் எழுதியிருந்தது. ஆனால் வளையல் ஒன்றைக்கூட இன்னும் கண்ணால் பார்க்கவில்லை. முந்தின நாள்தான் தலைவர், "எங்கேயய்யா மாதிரிச் சரக்கு?" என்று சுப்பராமன்மேல் எரிந்து விழுந்திருந்தார்.

"இந்தக் கூடை எனக்கு வேணும்," என்றார் சுப்பராமன்.

"உங்களுக்கெதுக்கு சாமி வளையலு?" என்றாள் ஹாஜிரா பீ.

"எனக்கில்லை. சர்க்காருக்கு."

காமாக்ஷிக்குக் கோபம் வந்துவிட்டது. "ஏன்னா, பொண்ணு வளைகாப்புக்குன்னு ஆசையா எடுத்து வெச்சிருக்கோம். அதை ஆபீஸுக்குத் தூக்கிண்டு போறேங்கறேளே, நன்னாயிருக்கா?"

"நாலே நாள்டி. பாத்துட்டுத் திருப்பித் தந்துடுவா. சர்க்கார் என்ன வளையலையா போட்டுக்கப் போறது?"

அப்படிச் சொல்லிவிட்டு அவர் உலர்ந்த வேஷ்டி கட்டிக்கொண்டு வந்து, கூடையிலிருந்த நாற்பது டஜனையும் எண்ணி, ஹாஜிரா பீக்கு ஒரு ரசீது எழுதிக் கொடுத்தார். அவளுக்குப் படிக்கத் தெரியாது. ஆனாலும் ரசீதை இரண்டு தரம் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு இடுப்பில் செருகிக்கொண்டாள். நாலு நாள்தானே என்று நினைத்தாள்.

நாலாம் நாள் கூடை வரவில்லை. சம்மன் வந்தது.

*

அடையாற்றங்கரையில் பழைய பங்களா ஒன்றை வாடகைக்கு எடுத்து அதில் கமிட்டி நடந்தது. அங்கத்தினர்கள் மூன்று பேர். தலைவர் ராவ்பகதூர் பத்ரிநாராயணன். மாம்பலத்தில் புதிதாக மாடிவீடு கட்டியிருந்தவர். பருத்த சரீரம், அதற்கேற்ற குரல். இரண்டாமவர் ஒயிட்லாக் துரை. இங்கிலாந்தில் பர்மிங்ஹாம் நகரத்துப் பித்தளைச் சாமான் கம்பெனி ஒன்றின் ஏஜெண்டு. மூன்றாமவர் வடக்கே எங்கோ கண்ணாடிச் சூளை வைத்திருந்த ஒரு சேட். அவர் ஒரு கூட்டத்துக்கும் வந்ததில்லை. ஒவ்வொரு கூட்டத்துக்கும் 'வரியை ஏற்றவும்' என்று தந்தி மட்டும் கொடுத்துவிடுவார். மற்ற இருவரைவிட அவர் சொன்னது தெளிவாக இருந்ததால் அவருக்குக் கமிட்டியில் நல்ல மதிப்பு.

விசாரணை இங்கிலீஷில் நடந்தது. ராவ்பகதூருக்குத் தமிழ் தெரியும். ஆனால் கமிட்டி அறைக்குள் தெரியாது. ஆகவே சாட்சிகள் சொல்வதைச் சுப்பராமன் மொழிபெயர்த்தார்.

ஹாஜிரா பீ சத்தியம் செய்து, சாட்சிக் காகிதத்தில் கைநாட்டு வைத்து முடித்ததும் ராவ்பகதூர் எழுந்து நின்றார்.

"கனவான்களே! ஒரு தேசம் இன்னொரு தேசத்தை ஜயிக்கப் பீரங்கி கொண்டுவந்த காலம் போய்விட்டது. இன்று அது நம் பெண்களின் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு உள்ளே வருகிறது. ஜப்பான்காரன் ஒரு டஜன் வளையலை மூன்றணாவுக்குக் கொடுக்கிறான். நம் சேட் அவர்களின் சூளையிலோ அது ஆறணா. மூன்றணாவுக்குக் கிடைப்பதை மூன்றணா கொடுத்தே வாங்கிக்கொண்டிருக்கும் ஜனசமூகம் எப்படி ஐயா முன்னுக்கு வரும்? அதை ஆறணாவுக்கு வாங்கச் செய்யவேண்டும். அதற்குத்தானே சர்க்கார் என்று ஒன்று இருக்கிறது!"

கமிட்டி அறையில் ஏழு பேர் இருந்தார்கள். அதில் இரண்டு பேர் சேவகர்கள். எல்லோரும் கை தட்டினார்கள்.

பிரசங்கம் முழுவதையும் சுப்பராமன் ஹாஜிரா பீக்கு இப்படி மொழிபெயர்த்தார்: "ஆறணான்னா வாங்குவாளான்னு கேக்கறார்."

"இன்னா சாமி நீங்க! மூணணாவுக்கே அரையணா கொறைச்சுக்கன்னு உசுரை எடுக்கறாங்க. ஆறணான்னா கையை மூடிகினு உள்ள பூட்ருவாங்க."

"சாட்சிக்குப் பொருளாதார ஞானம் போதாது என்று எழுதிக்கொள்ளும்," என்றார் ராவ்பகதூர்.

ஒயிட்லாக் துரை பேச்சில் குறுக்கிட்டார். சாம்ராஜ்யத்துக்குள் செய்யப்படும் சாமான்களுக்குக் குறைந்த வரியும் அந்நியச் சாமான்களுக்கு அதிக வரியும் போடவேண்டும் என்பது அப்போது பெரிய இடங்களில் ஒப்புக்கொண்ட கொள்கை. அதன்படி இங்கிலீஷ் வளையலுக்கு என்ன சலுகை என்று அவர் கேட்டார்.

சுப்பராமன் பணிவாக, இங்கிலாந்தில் யாரும் வளையல் செய்வதில்லை என்றார்.

"அது இந்தக் கமிட்டியின் குற்றமல்ல," என்றார் துரை. "சலுகை கொடுப்பது என்று தீர்மானித்தாயிற்று. எதற்குக் கொடுப்பது என்பதை அப்புறம் தேடிக்கொள்ளலாம்."

இது நியாயமாகப் பட்டதால் அப்படியே பதிவு செய்யப்பட்டது.

பிறகு வளையல்களின் உறுதியைச் சோதிக்கவேண்டும் என்று ராவ்பகதூர் சொன்னார். சேவகன் ஹாஜிரா பீயின் கூடையைக் கொண்டுவந்து மேஜைமேல் வைத்தான். ஒவ்வொரு வளையலிலும் சர்க்காரின் கிரீட முத்திரை போட்ட காகிதச் சீட்டு ஒன்று ஒட்டியிருந்தது. ராவ்பகதூர் மயில்கழுத்துப் பச்சையில் ஒன்றை எடுத்து, விரலால் சுண்டிப் பார்த்துவிட்டு, மேஜை விளிம்புக்கு நகர்த்தினார்.

ஹாஜிரா பீ பதறிவிட்டாள். "ஐயோ, வாணாம் சாமி! கீழ வுளுந்தா பெருகிடும்!"

மங்கலமான பண்டத்தை உடைந்தது என்று வாயால் சொல்லக்கூடாது, பெருகிற்று என்றுதான் சொல்லவேண்டும் என்று அவள் பதினெட்டு வருஷமாக மாடவீதி மாமிகளிடம் கற்றிருந்தாள். சுப்பராமனுக்கும் அது தெரியும். அவர் அம்மா, பெண்டாட்டி எல்லோரும் அப்படித்தான் சொல்வார்கள். ஆனால் சத்தியம் செய்த சாட்சியின் வார்த்தையை ஓர் எழுத்துக்கூட மாற்றாமல் மொழிபெயர்ப்பதாக அவரும் ஒரு சத்தியம் செய்திருந்தார். பென்ஷனுக்கு இன்னும் மூன்று வருஷம் பாக்கி. ஒரு நிமிஷம் தயங்கினார். பிறகு, ஜப்பான் வளையல் கீழே விழுந்தால் எண்ணிக்கையில் அதிகரிக்கிறது என்று இங்கிலீஷில் சொன்னார்.

ராவ்பகதூர் வளையலை மேஜை நடுவுக்கு இழுத்துக்கொண்டார்.

"அதிகரிக்கிறதா?" என்றார் ராவ்பகதூர்.

"சாட்சி அப்படித்தான் சொல்கிறாள், ஸார்."

"எத்தனையாக?"

சுப்பராமன் கேட்டார். ஹாஜிரா பீ அவரை ஒரு மாதிரியாகப் பார்த்தாள். இது கூடவா தெரியாது இந்த மனுஷனுக்கு என்று அவளுக்குத் தோன்றியது. "ஒரு சமயம் மூணாவும். ஒரு சமயம் அஞ்சாவும். கல்லுத் தரைன்னா பத்துகூட ஆவும்."

ஒயிட்லாக் துரை நாற்காலியிலிருந்து துள்ளி எழுந்தார். "இப்போதுதான் புரிகிறது! கப்பலில் நூறு பெட்டி ஏற்றியதாகக் கணக்குக் காட்டுகிறான். பஜாரில் நானூறு பெட்டிச் சரக்கு கிடக்கிறது! துறைமுகத்தில் இறக்கும்போது மூட்டை தூக்குபவர்கள் கீழே போட்டுவிடுகிறார்கள்!"

"சராசரி நான்கு என்று எழுதும்," என்றார் ராவ்பகதூர். அவர் முகம் வெளுத்திருந்தது. "இவ்வளவு சூழ்ச்சியா! வடக்கத்தி வளையலைப் பற்றியும் கேளும்."

"அதுவும் பெருகும் சாமி," என்றாள் ஹாஜிரா பீ. "கண்ணாடின்னா எல்லாம் ஒண்ணுதானே?"

ராவ்பகதூர் சற்று யோசித்தார். "ஒன்றல்ல. நம்முடையது அதிகரித்தால் அது சுதேசி அபிவிருத்தி. அவனுடையது அதிகரித்தால் அது படையெடுப்பு. தனித்தனிப் பத்தியாக எழுதும்."

அன்றைக்கு மட்டும் பதினோரு டஜன் வளையலைச் சோதித்தார்கள். ஒவ்வொன்றும் தரையில் பட்டுச் சிதறும்போது ஒயிட்லாக் துரை துண்டுகளை எண்ணிச் சொல்ல, சுப்பராமன் எழுதிக்கொண்டார். ஹாஜிரா பீ கண்ணை மூடிக்கொண்டு நின்றாள். போகச் சொன்னதும், "கூடை எப்ப சாமி வரும்?" என்று கேட்டாள்.

"ரிப்போர்ட் அச்சாகும் வரை அது சர்க்கார் சொத்து," என்றார்கள்.

*

புதுச் சரக்கு வாங்கலாம் என்று அவள் பூக்கடைப் பக்கம் போய், எப்போதும் வாங்கும் ஹபீபுர் ரஹ்மான் மண்டியில் கேட்டாள். அவர் உதட்டைப் பிதுக்கினார்.

"வளையலா? யார்கிட்டயும் இல்லை. வரி ஏறப் போவுதுன்னு எல்லாரும் உள்ள வெச்சுப் பூட்டிட்டாங்க. ஏறினப்புறம் வா, விலையும் ஏறியிருக்கும்."

"இன்னும் வரியே போடலையே பாய்!"

"போடறது எதுக்கு? பேசறதே போதும்."

ஆகவே மாசி மாதம் முழுவதும் சென்னைப் பட்டணத்தில் கண்ணாடி வளையல் என்பதே கண்ணில் படவில்லை. பங்குனி பிறந்தது. மயிலாப்பூரில் அறுபத்துமூவர் உற்சவத்துக்குப் பந்தக்கால் நட்டார்கள். அந்த ஒரு நாள் மாடவீதி ஓரத்தில் கோணியை விரித்து உட்கார்ந்தால் போதும், ஆறு மாதத்துக்கு அடுப்பு எரியும். அந்த நாளுக்கென்றுதான் ஹாஜிரா பீ கையிலிருந்த அத்தனையையும் போட்டு நாற்பது டஜன் எடுத்திருந்தாள். இப்போது கொண்டை ஊசியும் சாந்தும் விற்று ஒருவேளை கஞ்சி குடித்தாள். செவ்வாய்க்கிழமை தோறும் அடையாறு பாலத்தைத் தாண்டி நடந்துபோய்க் கூடையைக் கேட்பாள். சேவகன் உள்ளே போய் வந்து, "பரிசீலனையில் இருக்குதாம்," என்பான். போகும்போதும் வரும்போதும் வெயில் ஒரே மாதிரி அடிக்கும்.

வடக்கு மாடவீதி வீட்டில் வேறு மாதிரி வெயில்.

"பொண்ணு மொட்டைக் கையோட மணையில உக்காரணுமா?" என்பாள் காமாக்ஷி. "லோகத்துல எந்தத் தோப்பனாராவது வளைகாப்பு வளையலை ஜப்தி பண்ணியிருக்காளா?"

"ஜப்தி இல்லேடி. மாதிரிச் சரக்கு."

"அந்த பீபி வாய்விட்டு ஒரு வார்த்தை திட்டலை. அதுதான் எனக்குப் பயமா இருக்கு. நீங்க கூடையை வாங்கிண்டு வந்தா ஆத்துக்குள்ள வாங்கோ. இல்லேன்னா அந்த ஆபீஸ்லயே படுத்துக்கோங்கோ."

சுப்பராமன் ஆபீஸுக்குப் போய், கூடையை விடுவிக்கும் உத்தரவு ஒன்றைத் தட்டச்சு செய்து வைத்துக்கொண்டார். அதில் ராவ்பகதூரின் கையெழுத்து விழவேண்டும். அதைக் கேட்க அவருக்குத் துணிவு வரவில்லை. மூன்று வாரம் அது அவர் கோட்டுப் பையிலேயே மடிந்து கிடந்தது.

*

கமிட்டியின் கடைசிக் கூட்டம் பங்குனி நடுவில், வளைகாப்புக்கு இரண்டு நாள் முன்னால் நடந்தது. இங்கிலீஷ் வளையலைக் கண்டுபிடித்துவிட்டதாக ஒயிட்லாக் துரை செய்தி அனுப்பியிருந்தார். சோதித்துக் காட்ட ஹாஜிரா பீயையும் வரவழைத்தார்கள்.

துரை ஒரு பெட்டியைத் திறந்தார். உள்ளே பளபளவென்று பித்தளை வளையங்கள். பெரிய மாளிகைகளில் ஜன்னல் திரையைக் கம்பில் கோத்து மாட்டுவதற்காகப் பர்மிங்ஹாமில் அவருடைய கம்பெனி செய்வது. ஒவ்வொன்றும் சுண்டுவிரல் கனம்.

"இது திரைவளையம் அல்லவா?" என்றார் சுப்பராமன், தம்மையும் மீறி.

"திரையில் மாட்டினால் திரைவளையம்," என்றார் துரை. "கையில் மாட்டினால்?"

ராவ்பகதூர் மேஜையைத் தட்டினார். "அருமையான வாதம்! மணிக்கட்டைச் சுற்றி இருக்கும் எந்த வட்டமும் வளையலே. அப்படியே எழுதும்."

ஹாஜிரா பீக்கு இதைச் சுப்பராமன் சொன்னதும் அவள் உண்மையாகவே ஒரு சந்தேகம் கேட்டாள். "அப்போ போலீஸ்காரன் திருடனுக்குப் போடறதும் வளையல்தானா சாமி?"

சுப்பராமன் மொழிபெயர்த்தார். துரையின் முகம் மலர்ந்தது. "கைவிலங்குகூட எங்கள் கம்பெனியில் செய்கிறோம். அதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்."

ஹாஜிரா பீ ஒரு பித்தளை வளையத்தை எடுத்துக் கையில் நிறுத்துப் பார்த்தாள். "இத்தப் போட்டுகினு சாணி தட்ட முடியாது, புள்ளையத் தூக்க முடியாது. குழந்தை மண்டையில பட்டா அவ்ளோதான். பொம்பளைங்க போட மாட்டாங்க."

"சாட்சிக்கு ராஜபக்தி குறைவு," என்றார் ராவ்பகதூர். பிறகு எழுந்தார். அன்றைக்கு அவர் நல்ல உற்சாகத்தில் இருந்தார். மாலை ஐந்து மணிக்குக் கிண்டியில் கவர்னர் மாளிகைத் தோட்டத்தில் தேநீர் விருந்து. திவான்பகதூர் பட்டத்தைப் பற்றி அங்கே ஒரு வார்த்தை காதில் விழலாம் என்று பேச்சு.

"பெண்கள் போடமாட்டார்களாம்! ஏன் போடமாட்டார்கள்? இதுவரை யாரும் அவர்களுக்கு வழிகாட்டவில்லை. தேச க்ஷேமத்துக்காக அசௌகரியப்பட வேண்டியவர்கள் யார்? நாமா? நாம் தலைவர்கள், நமக்கு நேரமில்லை. பொதுஜனங்கள்தான் அசௌகரியப்பட வேண்டும். ஆனால் ஒரு நிமிஷம், ஒரே ஒரு நிமிஷம், உதாரணம் காட்ட நானே தயாராக இருக்கிறேன்!"

சொல்லிக்கொண்டே ஒரு வளையத்தில் வலது கையை நுழைத்து, கடைசி வார்த்தையோடு சேர்த்து ஒரே தள்ளாகத் தள்ளினார். வளையம் விரல் முட்டியைத் தாண்டி உள்ளே போய் உட்கார்ந்தது. கை தட்டினார்கள். அவர் கையைத் தூக்கிக் காட்டினார். மறுபடியும் கை தட்டினார்கள். பிறகு அவர் அதைக் கழற்றப் பார்த்தார்.

வரவில்லை.

இழுத்தார், துரை இழுத்தார், இரண்டு சேவகர்களும் சேர்ந்து இழுத்தார்கள். இழுக்க இழுக்கக் கை வீங்கிற்று. கால் மணி நேரத்தில் மணிக்கட்டு கத்தரிக்காய் நிறத்துக்கு வந்துவிட்டது. அரத்தால் அறுத்துவிடலாம் என்றான் சேவகன். அது கம்பெனியின் மாதிரிச் சரக்கு, பர்மிங்ஹாமுக்குத் திரும்பப் போகவேண்டும் என்று துரை மறுத்தார். சுப்பராமன் விதிப் புத்தகத்தைப் புரட்டி, கமிட்டியில் தாக்கலான பொருளைச் சேதப்படுத்த மூன்று அங்கத்தினர்களின் சம்மதமும் வேண்டும் என்றார். சேட்டுக்குத் தந்தி அடித்தார்கள். பதில் உடனே வந்தது. 'வரியை ஏற்றவும்.'

மணி நாலடித்தது. வலது கையில் வளையல் போட்டுக்கொண்டு கவர்னர் துரைக்குக் கைகொடுப்பதை ராவ்பகதூர் மனக்கண்ணால் பார்த்தார். பட்டணம் முழுவதும் சிரிக்கும். பெட்டைப் பயல் என்று மாம்பலத்துத் தெருப்பிள்ளைகள் கூவும். அவருக்குக் கண்ணில் ஜலம் கட்டிக்கொண்டது. அந்த நிமிஷத்தில், கமிட்டி அறைக்குள்ளேயே அவருக்குத் தமிழ் வந்துவிட்டது.

"அம்மா, ஹாஜிரா பீ! உனக்குக் கழற்றத் தெரியுமா?"

மூலையில் நின்றிருந்தவள் கிட்டே வந்து கையைப் பிடித்துப் பார்த்தாள். பருத்த, மிருதுவான, வேலை செய்தறியாத கை. "வெளக்கெண்ணெய் இருந்தாக் கொண்டாரச் சொல்லுங்க. கழட்டிடலாம். என் கூடை சாமி?"

"அது ரிப்போர்ட் அச்சாகும் வரை..."

"சரி சாமி," என்றாள் ஹாஜிரா பீ.

பங்களாச் சமையல்காரன் எண்ணெய் கொண்டுவந்தான். அவள் ராவ்பகதூருக்கு எதிரே தரையில் உட்கார்ந்து, கையை மடியில் வைத்துக்கொண்டு, விரல் முட்டிவரை நீவினாள். "பயப்படாதீங்க. கையைத் தளத்துங்க. கட்டைவிரலை உள்ள மடக்கிக்குங்க. எம்மாம் பொண்ணுங்களுக்குக் கழட்டிக்கீறேன்! அழக்கூடாது கண்ணு, இதோ ஆச்சு..." பழக்கத்தில் வந்த வார்த்தை, ராவ்பகதூர் அதை ஆட்சேபிக்கவில்லை. வளையம் அசைந்தது. மெள்ள மெள்ள நகர்ந்து வந்து, கட்டைவிரல் அடியைத் தாண்டி, விரல் முட்டிகளின்மேல் வந்து நின்றது. அங்கேதான் வலி அதிகம்.

ஹாஜிரா பீ கையை எடுத்துவிட்டாள்.

"என்ன? ஏன் நிறுத்திட்டே?" ராவ்பகதூருக்கு மூச்சு வாங்கிற்று.

"அவ்ளோதான் வரும் போலக் கீது சாமி." அவள் எண்ணெய்க் கையை முந்தானையில் துடைத்துக்கொண்டாள். பிறகு குனிந்து அவர் விரல்களைப் பார்த்தாள். "வெரலு ஆடுது. கையெழுத்துப் போடற அளவுக்கு ஆடுது."

அப்போது இருபத்தேழு வருஷ உத்தியோகத்தில் முதல்முறையாகச் சுப்பராமன் ஒரு காரியத்தை வேகமாகச் செய்தார். கோட்டுப் பையிலிருந்து உத்தரவை எடுத்து மேஜைமேல் விரித்து, பேனாவை மையில் தோய்த்து நீட்டினார்.

"இது பலாத்காரம்!" என்றார் ராவ்பகதூர்.

"மணி நாலரை, ஸார்," என்றார் சுப்பராமன்.

ராவ்பகதூர் கையெழுத்துப் போட்டார். அது அவர் கையெழுத்து மாதிரியே இல்லை. ஹாஜிரா பீ காகிதத்தை வாங்கிச் சுப்பராமனிடம் காட்டி, "சரியா கீதா?" என்று கேட்டுக்கொண்டாள். அவர் தலையசைத்ததும் திரும்பி வந்து ஒரே இழுப்பு. வளையம் கழன்று மேஜைக்கடியில் உருண்டு போயிற்று. ராவ்பகதூரின் கூச்சல் ஆற்றின் அக்கரையில் துணி துவைப்பவர்களுக்குக் கேட்டது.

கூடையில் இருபத்தொன்பது டஜன் மிச்சம் இருந்தது. அவள் அதைத் தலையில் வைத்துக்கொண்டு, சுப்பராமன் பின்னாலேயே குடை பிடித்துக்கொண்டு வர, அடையாறு பாலத்தைத் தாண்டி மயிலாப்பூருக்கு நடந்தாள். மந்தைவெளி வந்ததும் சுப்பராமன், "அன்னிக்கு நான் எடுத்துண்டு போயிருக்கப்படாது," என்றார். "ஆமாம் சாமி," என்றாள் அவள்.

சூடாமணிக்கு இரண்டு கையும் நிறைய மயில்கழுத்துப் பச்சை ஏறிற்று. காமாக்ஷி ஹாஜிரா பீக்கு ஒரு புதுப் புடவையும் வெற்றிலை பாக்கும் வைத்துக் கொடுத்துவிட்டு, புருஷனை ஆத்துக்குள்ளே அனுமதித்தாள். அறுபத்துமூவர் அன்று பட்டணத்திலேயே கண்ணாடி வளையல் இருந்த ஒரே கோணி ஹாஜிரா பீயுடையது. சீட்டுகளைச் சுரண்ட அவளுக்கு நேரம் இருக்கவில்லை. கிரீட முத்திரையைப் பார்த்துவிட்டு, சர்க்காரே பரீட்சை செய்து நல்லதென்று எழுதிக் கொடுத்த வளையல் என்று பெண்கள் அடித்துப் பிடித்து வாங்கிப் போனார்கள். உச்சிவேளைக்குள் கூடை காலி.

*

கமிட்டியின் ரிப்போர்ட் நானூற்றுப் பன்னிரண்டு பக்கத்தில் வெளிவந்தது. ஜப்பான் வளையல் பெருகும் சுபாவமுடையது என்பதால் அதற்கு நான்கு பங்கு வரி. திரைவளையத்துக்கு மிகமிகக் குறைந்த வரி. பர்மிங்ஹாமைத் தவிர வேறு யாராவது திரைவளையம் செய்வார்கள் என்று ஒருவருக்கும் தோன்றாததால், எந்த தேசத்துத் திரைவளையம் என்பதை எழுதவில்லை.

அது ஜப்பானில் எப்படியோ தெரிந்துவிட்டது. ஆடி பிறந்ததும் ஹபீபுர் ரஹ்மான் ஹாஜிரா பீயைக் கூப்பிட்டனுப்பி, ஒரு பெட்டியைத் திறந்து காட்டினார். மயில்கழுத்துப் பச்சை, ரத்தச் சிவப்பு, தேன் மஞ்சள், ரெண்டேகால், ரெண்டரை. பெட்டியின்மேல் 'கண்ணாடித் திரைவளையம்' என்று இங்கிலீஷில் அச்சடித்திருந்தது. டஜன் இரண்டேமுக்காலணா. முன்னைக்குக் காலணா குறைவு.

ஒரே வருஷத்தில் சென்னைத் துறைமுகத்தில் அறுபது லட்சம் திரைவளையம் இறங்கியதாகக் கணக்கு வந்தது. சர்க்கார் கவலைப்பட்டது. உடனே திரைவளையக் கமிட்டி ஒன்று நியமிக்கப்பட்டது. தலைவர் திவான்பகதூர் பத்ரிநாராயணன். கை குணமாகிவிட்டிருந்தது. முதல் கூட்டத்தில் அவர் நாத் தழுதழுக்கப் பேசினார்.

"பட்டணத்திலுள்ள ஜன்னல்களை எண்ணிப் பார்த்தோம். ஜன்னலுக்கு இருநூறு வளையம் வருகிறது! குடிசைவாசிகள் ஜன்னலே இல்லாமல் வாங்குகிறார்கள். கனவான்களே, இவ்வளவு திரை போட்டு மறைத்துக்கொள்ள இந்த ஜனங்களிடம் அப்படி என்னதான் இருக்கிறது?"

விசாரிக்க அனுபவமுள்ள சாட்சி தேவை என்று பழைய ரிகார்டுகளைப் புரட்டி, மீர்சாகிப்பேட்டைக்கு ஒரு சேவகனைச் சம்மனோடு அனுப்பினார்கள். அவன் புது ஆள். ஹாஜிரா பீ வாசலில் உட்கார்ந்து வளையல்களை அளவு பார்த்து நூலில் கோத்துக்கொண்டிருந்தாள்.

"இங்க ஹாஜிரா பீன்றது யாரு? அடையாறு கமிட்டில கூப்பிடறாங்க."

அவள் நிமிர்ந்து அந்த நீளமான பழுப்புக் காகிதத்தைப் பார்த்தாள்.

"மவுத்தாயிட்டாங்கன்னு எழுதிக்க நைனா," என்றாள்.

"அடப் பாவமே! எப்போ?"

"ஒரு வருஷம் ஆவுது. அடையாறு போயி வந்து, போயி வந்து, அதுலயே பூட்டாங்க."

சேவகன் சம்மனின் பின்பக்கத்தில் எழுதிக்கொண்டான். பிறகு தலையைச் சொறிந்தான். "யாராச்சும் வூட்டு ஆளு இதுல கைநாட்டு வெக்கணுமே. இல்லாங்காட்டி ஆபீஸ்ல ஒத்துக்க மாட்டாங்க."

"கொண்டா, நானே வெக்கிறேன்," என்றாள் ஹாஜிரா பீ.

மையில் கட்டைவிரலைத் தோய்த்து அழுத்தமாக வைத்தாள். கமிட்டியில் அந்த ரேகையைப் பழைய சாட்சியத்தோடு ஒப்பிட்டுப் பார்த்தார்கள். இரண்டும் அப்பட்டமாகப் பொருந்தியிருந்ததால், இறந்தது அவளேதான் என்று திருப்தியடைந்து ரிகார்டை மூடினார்கள்.